மெதுவான நெட்வொர்க் பூட்டும் ஐபிஎக்ஸ்இயும்: ஒரு மதிப்புரை

மேசைக் கணினியை அதன் சொந்த வட்டிலிருந்து அல்லாமல் நெட்வொர்க் வழியாகத் துவக்குகிறவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் ஒரே புகாரைச் சொல்வார்கள்: கேபிள் சரியாக இருக்கிறது, கணினிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் சுவிட்ச் ஜிகாபிட் வேகத்தில் ஓடுகிறது, சர்வருக்கும் பெரிய வேலைப்பளு இல்லை, இருந்தும் கணினி எழுந்து நிற்க நிமிடக்கணக்கில் ஆகிறது. இந்த மதிப்புரை, அந்தத் தாமதத்தைக் கண்டுபிடிக்கவும் குறைக்கவும் நான் தொடர்ந்து பயன்படுத்திவரும் ஐபிஎக்ஸ்இ என்ற கட்டற்ற மென்பொருளைப் பற்றியது. என் முடிவைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். மெதுவான நெட்வொர்க் பூட்டில் நேரம் பெரும்பாலும் எதற்காகவோ காத்திருப்பதிலேயே கரைகிறது. ஐபிஎக்ஸ்இ அந்தக் காத்திருப்புகளில் மிகப் பெரிய ஒன்றை அடியோடு நீக்குகிறது. மற்றவற்றை நீக்காவிட்டாலும், அவை எங்கே ஒளிந்திருக்கின்றன என்று காட்டிக்கொடுக்கிறது. இரண்டாவதாகச் சொன்ன பயனையே நான் அதிகமாக மதிக்கிறேன்.

இதன் மதிப்பைப் புரிந்துகொள்ள, நெட்வொர்க் பூட் எப்படி நடக்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்க்க வேண்டும். கணினியின் ஃபர்ம்வேரிலோ (மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) நெட்வொர்க் கார்டிலோ பொதிந்திருக்கும் பிஎக்ஸ்இ என்ற சிறு நிரல் முதலில் கேபிளில் இணைப்பு வந்துவிட்டதா என்று பார்க்கும். பிறகு முகவரி வழங்கும் டிஹெச்சிபி என்ற நெறிமுறை வழியாகத் தனக்கு ஒரு முகவரியையும், எந்தச் சர்வரில் எந்தக் கோப்பை எடுக்க வேண்டும் என்ற தகவலையும் கேட்டு வாங்கும். அந்தக் கோப்பை டிஎஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் நெறிமுறையில் இறக்கி இயக்கும். அப்படி இறங்கும் கோப்பு பெரும்பாலும் இயக்குதளத்தை ஏற்றிவைக்கும் ஒரு பூட் லோடராக இருக்கும்; அது இயக்குதளத்தின் மையக் கருவான கெர்னலையும் அதற்குத் துணையான பெரிய கோப்பையும் மறுபடி நெட்வொர்க்கிலிருந்தே கேட்கும். பிஎக்ஸ்இ விவரக்குறிப்பின் 2.1 பதிப்பை இன்டெல் 1999இல் வெளியிட்டது. இன்றைய கணினிகளின் அமைப்புத் திரைகளில் காணப்படும் நெட்வொர்க் பூட் வசதியும் பெரும்பாலும் அந்த வழிமுறையையே பின்பற்றுகிறது.

ஐபிஎக்ஸ்இ இந்தச் சங்கிலியின் நடுவில் வந்து அமர்கிறது. ஈதர்பூட் என்ற பழைய திட்டத்தில் தொடங்கி, ஜிபிஎக்ஸ்இ என்று பெயர் மாறி, 2010இல் அதிலிருந்து தனியாகப் பிரிந்து வளர்ந்தது இது. நெட்வொர்க் கார்டின் ரோமிலேயே (நிலையான நினைவுச் சில்லு) இதை எழுதிவைக்கலாம். ஆனால் பெரும்பாலானோர் செய்வது வேறு. கணினியில் ஏற்கெனவே இருக்கும் பிஎக்ஸ்இயைக் கொண்டே ஐபிஎக்ஸ்இயின் சிறிய கோப்பை முதலில் இறக்குகிறார்கள். அதற்குப் பிறகு வரும் பெரிய கோப்புகளையெல்லாம் ஐபிஎக்ஸ்இயே, இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் ஹெச்டிடிபி நெறிமுறை வழியாக எடுத்துக்கொள்கிறது. கார்டையோ மதர்போர்டையோ தொடாமல், சர்வரில் மட்டும் மாற்றம் செய்து முடித்துவிடக்கூடிய வேலை இது.

இந்த மாற்றம் ஏன் இவ்வளவு வித்தியாசத்தை உண்டாக்குகிறது என்பதற்கு விடை டிஎஃப்டிபியின் அமைப்பில் இருக்கிறது. 1992இல் ஆர்எஃப்சி 1350 என்ற இணைய நெறிமுறை ஆவணத்தில் வரையறுக்கப்பட்ட இந்த நெறிமுறை, மிகச் சிறிய ரோமுக்குள் அடங்க வேண்டும் என்பதற்காகவே எளிமையாக வடிவமைக்கப்பட்டது. சர்வர் 512 பைட் கொண்ட ஒரு துண்டை அனுப்பும். கணினி அதற்கு ஒப்புகை அனுப்பும். ஒப்புகை வந்து சேர்ந்த பிறகே சர்வர் அடுத்த துண்டை அனுப்பும். ஒரு செங்கல்லைக் கையில் கொடுத்துவிட்டு, வாங்கியவர் ‘வந்தது’ என்று குரல் கொடுக்கும்வரை அடுத்ததைத் தொடாத ஆளைப் போன்றது இந்த முறை. நெட்வொர்க் போக்குவரத்தைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் இந்த உரையாடலைப் பிடித்துப் பார்த்தால் திரை முழுவதும் ஒரே ஜோடி திரும்பத் திரும்ப ஓடும்: துண்டு, ஒப்புகை, துண்டு, ஒப்புகை. ஒவ்வொரு ஜோடிக்கும் அடுத்த ஜோடிக்கும் இடையிலுள்ள நேரத்தைப் பார்த்தாலே பூட் எப்போது முடியும் என்று கணக்கிட்டுவிடலாம்.

அந்தக் கணக்கைப் போட்டே பார்ப்போம். ஒரு துண்டு போய் அதன் ஒப்புகை திரும்புவதற்கு 1 மில்லிநொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 1,000 துண்டுகள், அதாவது ஏறக்குறைய அரை மெகாபைட் மட்டுமே வரும். 300 மெகாபைட் அளவுள்ள ஒரு பூட் படிமம் (துவங்கத் தேவையானவை அடங்கிய கோப்பு) அந்த வேகத்தில் இறங்க ஏறக்குறைய 10 நிமிடங்கள் தேவை. இதில் கேபிள் 100 மெகாபிட்டா ஜிகாபிட்டா என்ற கேள்விக்கே பெரிய இடம் இல்லை. சுவிட்சை மாற்றியும் வேகம் கூடவில்லை என்று பலர் திகைப்பதற்குக் காரணம் இதுதான். மறுபுறம், ஜிகாபிட் இணைப்பின் முழுத் திறன் நொடிக்கு 125 மெகாபைட். நெறிமுறைச் செலவுகள் போக நொடிக்கு 110 மெகாபைட் கிடைத்தாலும் அதே படிமம் மூன்று நொடிக்குள் வந்துவிடும்.

டிஎஃப்டிபியிலும் திருத்தங்கள் வந்துள்ளன என்பதை நியாயமாகச் சொல்லியாக வேண்டும். துண்டின் அளவைக் கூட்ட 1998இல் ஆர்எஃப்சி 2348 வழிசெய்தது. ஈதர்நெட்டின் 1,500 பைட் எல்லைக்குள் அடங்கும்படி 1,468 பைட் வரை வைத்துக்கொண்டால் வேகம் கிட்டத்தட்ட மூன்று மடங்காகும். அதற்கு மேலும் கூட்டினால் ஒவ்வொரு துண்டும் நெட்வொர்க்கில் செல்லும் பல பொட்டலங்களாக, அதாவது பாக்கெட்டுகளாக, சிதறும். சில ஃபர்ம்வேர்களால் அவற்றைச் சேர்த்துக்கட்ட முடியாமல் பூட் பாதியில் நின்றுவிடும். ஒரே ஒப்புகைக்குப் பல துண்டுகளை அனுப்பும் முறையை 2015இல் ஆர்எஃப்சி 7440 கொண்டுவந்தது. ஆனால் இந்தத் திருத்தங்கள் பயன்பட வேண்டுமானால் சர்வரும் கணினியின் ஃபர்ம்வேரும் இரண்டுமே அவற்றை ஏற்க வேண்டும். ஃபர்ம்வேர் நம் கையில் இல்லை. பாக்கெட் தொலைந்துபோனால் நிலைமை இன்னும் மோசம்: டிஎஃப்டிபியில் ஒரு பாக்கெட் தவறினால் காத்திருப்பு நேரம் தீரும்வரை இரண்டு பக்கமும் சும்மா நிற்கும், பெரும்பாலும் அந்த இடைவெளி நொடிக்கணக்கில் இருக்கும். ஆயிரத்தில் ஒரு பாக்கெட்டைத் தவறவிடும் மோசமான கேபிள், இணையத்தில் உலாவும்போது கண்ணிலேயே படாது. டிஎஃப்டிபியிலோ பூட்டையே முடக்கிவிடும்.

ஐபிஎக்ஸ்இ இந்தச் சிக்கலைத் தீர்க்க முயலவில்லை. அதைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. டிஎஃப்டிபி வழியாக இறங்க வேண்டியது சில நூறு கிலோபைட்டிலிருந்து ஒரு மெகாபைட் அளவிலான ஐபிஎக்ஸ்இ கோப்பு மட்டுமே. அது எவ்வளவு மெதுவாக வந்தாலும் ஓரிரு நொடியில் முடிந்துவிடும். பிறகு கெர்னலும் மற்றவையும் டிசிபி என்ற நெறிமுறையின் மேல் ஓடும் ஹெச்டிடிபியில் வருகின்றன. ஒப்புகைக்காக ஒவ்வொரு முறையும் நிற்காமல் பல பாக்கெட்டுகள் தொடர்ந்து பாய்கின்றன. சர்வர் பக்கத்திலும் தனி மென்பொருள் எதுவும் வேண்டாம். என்ஜின்எக்ஸ் போன்ற ஒரு சாதாரண வெப் சர்வர் போதும். அதன் பதிவேட்டில் எந்தக் கணினி எந்தக் கோப்பை எப்போது கேட்டது என்பதும் தானாகவே பதிவாகிவிடும். பூட் படிமம் பெரிதாக இருந்து, தாமதம் முழுவதும் இறக்கத்திலேயே இருக்குமானால், இந்த ஒரு மாற்றத்துக்காகவே ஐபிஎக்ஸ்இயை நிறுவலாம். பத்து நிமிடம் நொடிகளாகச் சுருங்குவதைத் திரையில் விழுக்காடு ஓடும் வேகத்திலேயே காண முடியும்.

ஆனால் எல்லாத் தாமதமும் இறக்கத்தில் இருப்பதில்லை. ஐபிஎக்ஸ்இயை நிறுவிய பிறகும் பூட் மெதுவாகவே இருக்கிறது என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையான இடையூறு சுவிட்சில் இருக்கிறது. இந்த இடத்தில் சற்று விரிவாகப் பேசுவது அவசியம். ஏனெனில் இது மிகப் பரவலான காரணம், அதே சமயம் மிக எளிதாகத் தவறவிடப்படும் காரணமும் கூட.

நிர்வகிக்கத்தக்க சுவிட்சுகளில் ஸ்பேனிங் ட்ரீ என்ற ஏற்பாடு இருக்கும். இரண்டு சுவிட்சுகளுக்கிடையே தவறுதலாக வளையம் உண்டாகி நெட்வொர்க் முழுவதும் ஸ்தம்பிக்காமல் அது காக்கிறது. அதன் பழைய வடிவத்தில், கேபிள் செருகும் ஒரு போர்ட்டில் புதிதாக இணைப்பு வந்ததும் சுவிட்ச் 15 நொடிகள் கவனித்துக்கொண்டும், பிறகு 15 நொடிகள் முகவரிகளைக் கற்றுக்கொண்டும் இருக்கும். இந்த 30 நொடிகளிலும் கணினி அனுப்பும் எந்தப் பாக்கெட்டும் மறுபக்கம் போகாது. கேபிளின் முனையில் விளக்கு எரியும். இணைப்பு வந்துவிட்டது என்று கணினி நம்பும். பேசினால் மட்டும் பதில் இருக்காது. பிஎக்ஸ்இயோ டிஹெச்சிபி கோரிக்கையை நான்கு முறைதான் அனுப்பும். அவற்றுக்குப் பின் முறையே 4, 8, 16, 32 நொடிகள் காத்திருக்கும். ஆக, கோரிக்கைகள் புறப்படுவது ஏறக்குறைய 0, 4, 12, 28ஆவது நொடிகளில். கடைசிக் கோரிக்கை 28ஆவது நொடியில் போகிறது. சுவிட்ச் வழிவிடுவதோ 30ஆவது நொடியில். நான்கும் வீணாகி, ஒரு நிமிடம் முழுவதும் கரைந்து, டிஹெச்சிபி பதில் எதுவும் வரவில்லை என்று சொல்லும் பிஎக்ஸ்இ-இ51 பிழையோடு முயற்சி முடிகிறது. இணைப்பு ஏற்படுவதற்கும் முதல் கோரிக்கைக்கும் இடையே கணினி இரண்டு மூன்று நொடி கூடுதலாக எடுத்துக்கொண்டால் அதே அமைப்பில் பூட் வெற்றி பெற்றுவிடும். ஒரே அறையில் ஒரு மாதிரிக் கணினி எழுவதும் இன்னொரு மாதிரி எழாமல் போவதும் இதனால்தான். அதைப் பார்த்துக் கணினியின் மேல் பழி போடுவது மிக எளிது.

இதற்கான தீர்வு சுவிட்சில்தான் இருக்கிறது. மேசைக் கணினிகள் இணையும் போர்ட்களை விளிம்புப் போர்ட் என்று அறிவிக்க வேண்டும். சிஸ்கோ சுவிட்சுகளில் இந்த அமைப்பு போர்ட்ஃபாஸ்ட் என்ற பெயரில் இருக்கிறது. அப்படி அறிவித்துவிட்டால் இணைப்பு வந்தவுடனேயே போர்ட் திறந்துகொள்ளும். ஸ்பேனிங் ட்ரீயையே அணைத்துவிடச் சொல்லும் ஆலோசனையை நான் ஏற்க மாட்டேன். யாரோ ஒருவர் ஒரு கேபிளின் இரு முனைகளையும் ஒரே சுவிட்சில் செருகிவிட்டால், மிச்சப்படுத்திய நொடிகளுக்குப் பதிலாக நெட்வொர்க்கையே இழக்க நேரும்.

இந்த விஷயத்தில் ஐபிஎக்ஸ்இயின் நடத்தை பாராட்டத்தக்கது. சுவிட்ச் அனுப்பும் ஸ்பேனிங் ட்ரீ அறிவிப்புகளை அது படிக்கிறது. போர்ட் இன்னும் அடைபட்டிருக்கிறது என்று தெரிந்தால் இணைப்பு வந்திருந்தாலும் தடுக்கப்பட்ட நிலையில் இருப்பதாகக் குறித்துக்கொண்டு, டிஹெச்சிபி கோரிக்கைகளை வீணாக்காமல் பொறுத்திருக்கிறது. முப்பது நொடி தாமதம் அப்படியே இருக்கும், ஆனால் பூட் தோற்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, காரணம் சுவிட்சில் இருக்கிறது என்பது தெரிந்துவிடுகிறது. சுவிட்சைக் கவனித்துக்கொள்பவரிடம் போய்ப் பேச ஒரு சான்று கையில் கிடைத்துவிடுகிறது.

அதே சமயம், ஐபிஎக்ஸ்இயே இந்தத் தாமதத்தை இரட்டிப்பாக்கவும் கூடும். இதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. ஐபிஎக்ஸ்இயின் ஒரு வடிவம் நெட்வொர்க் கார்டை இயக்கும் நிரலான தன் சொந்த டிரைவரோடு வருகிறது. அது கார்டைப் புதிதாகத் தொடங்கிவைக்கும்போது கேபிளில் இணைப்பு ஒரு கணம் அறுந்து மீண்டும் வரும். சுவிட்சின் கண்ணில் அது புதிய இணைப்பு. ஆகவே 30 நொடிக் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும். பிறகு இயக்குதளம் தன் டிரைவரை ஏற்றும்போது மூன்றாவது முறையாகவும் இதே கதை நடக்கும். போர்ட்கள் சரியாக அமைக்கப்படாத நெட்வொர்க்கில் இப்படி மூன்று கைமாற்றங்களில் ஒன்றரை நிமிடம் போய்விடும். இன்னொரு வடிவம் கணினியின் ஃபர்ம்வேரில் இருக்கும் டிரைவரையே பயன்படுத்திக்கொள்கிறது: பழைய வகை ஃபர்ம்வேரான பயாஸ் கொண்ட கணினிகளுக்கு ‘அன்டிஒன்லி’, புதிய வகையான யூஇஎஃப்ஐ கொண்ட கணினிகளுக்கு ‘எஸ்என்பிஒன்லி’ என்ற பெயர்களில் கிடைக்கும் கோப்புகள் இந்த வகையைச் சேர்ந்தவை. இவை பொதுவாக இணைப்பை அறுப்பதில்லை. எந்தக் கார்டாக இருந்தாலும் ஓடும். இவற்றின் குறை, ஃபர்ம்வேர் டிரைவர் மந்தமாக இருந்தால் ஹெச்டிடிபியும் மந்தமாகவே ஓடும் என்பதுதான்.

எனவே எந்தக் கோப்பை இறக்கச் சொல்வது என்ற தெரிவு வேகத்தை நேரடியாகப் பாதிக்கிறது. ஃபர்ம்வேர் டிரைவரைச் சார்ந்த கோப்பை முதலில் வைத்துப் பார்ப்பதையே நான் பரிந்துரைப்பேன். இறக்கம் எதிர்பார்த்த வேகத்தில் வராவிட்டால், கார்டுக்குரிய சொந்த டிரைவர் கொண்ட கோப்புக்கு மாறி ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஐபிஎக்ஸ்இயில் ‘டைம்’ என்றொரு கட்டளை உண்டு. மற்றொரு கட்டளைக்கு முன்னால் அதை எழுதினால், அந்த வேலைக்கு எத்தனை நொடி ஆயிற்று என்று கடைசியில் சொல்லிவிடும். எல்லாக் கட்டமைப்புகளிலும் இது இயங்கும் நிலையில் இருக்காது. மூலநிரலைத் தொகுக்கும்போது இயக்கிவைக்க வேண்டியிருக்கலாம். ஒப்பீடு செய்ய விரும்புகிறவர் அந்தச் சிறு சிரமத்தை மேற்கொள்வது நல்லது. கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லும் வேகத்துக்கும் இதற்கும் நிறைய வேறுபாடு இருக்கும்.

இனி, நான் பெரிதாக மதிப்பதாகச் சொன்ன அந்தக் காட்டிக்கொடுக்கும் திறன். ஐபிஎக்ஸ்இ தொடங்கியதும் ஓரிரு நொடிகள் மட்டும் தோன்றும் அழைப்பின்போது கன்ட்ரோல் விசையோடு பி விசையை அழுத்தினால் அதன் கட்டளைத் திரை திறக்கும். அங்கே ‘இஃப்ஸ்டாட்’ என்று தட்டினால் ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் ஒரு சிறு பத்தி வரும்: கார்டின் முகவரி, அதை இயக்கும் டிரைவரின் பெயர், இணைப்பு இருக்கிறதா இல்லையா, அனுப்பிய பாக்கெட்டுகள், அனுப்புவதில் நேர்ந்த பிழைகள், பெற்ற பாக்கெட்டுகள், பெறுவதில் நேர்ந்த பிழைகள். பூட் பாதியில் நிற்கும்போது இந்த எண்களைப் பார்த்தால் போதும். அனுப்பியது கூடிக்கொண்டே போய், பெற்றது சுழியத்திலேயே நின்றால், கணினி பேசுகிறது, பதில் வரவில்லை. சுவிட்ச் போர்ட்டையோ வேறு விலானில் (சுவிட்சுக்குள் தனியாகப் பிரிக்கப்பட்ட நெட்வொர்க்) இருக்கும் டிஹெச்சிபி சர்வருக்கு வழி அமைக்கப்பட்டிருக்கிறதா என்பதையோ பார்க்க வேண்டும். பெற்ற எண்ணிக்கை கூடுகிறது, பிழை எண்ணிக்கையும் கூடவே ஏறுகிறது என்றால், அந்தப் பிழைகள் எந்த வகை என்று அடுத்த வரியே சொல்லும். நெட்வொர்க்கில் வழக்கமாக உலவும் சில பாக்கெட்டுகளை ஐபிஎக்ஸ்இ புரிந்துகொள்ளாமல் ஒதுக்குவதும் பிழைக் கணக்கில் சேர்வதுண்டு. எண்ணைக் கண்டவுடன் கேபிளைக் கழற்றாமல் அந்த வரியையும் படிக்க வேண்டும்.

பிழைச் செய்திகளும் அப்படியே. கணினியோடு வரும் பிஎக்ஸ்இ ஒரு குறியீட்டை மட்டும் காட்டிவிட்டு அடுத்த பூட் சாதனத்துக்குத் தாவிவிடும். அதைப் படிக்கக்கூட நேரம் கிடைக்காது. ஐபிஎக்ஸ்இயின் ஒவ்வொரு பிழைச் செய்தியின் இறுதியிலும் ஒரு இணைய முகவரி இருக்கும். அதைத் திறந்தால் அந்தப் பிழைக்குரிய தனிப் பக்கமே வருகிறது. நெட்வொர்க் பூட் போன்ற, திரையில் நான்கு வரிக்கு மேல் எதையும் காட்டாத ஒரு துறையில், பயனரின் நேரத்தை இவ்வளவு மதிக்கும் வேறொரு மென்பொருளை நான் பார்த்ததில்லை.

குறைகளுக்கு வருவோம். முதல் குறை, நிறுவும்போது நேரும் ஒரு வளையம். கணினியின் பிஎக்ஸ்இக்கு ஐபிஎக்ஸ்இ கோப்பைக் கொடு என்று டிஹெச்சிபி சர்வரில் எழுதிவைக்கிறோம். இறங்கிய ஐபிஎக்ஸ்இயும் தன் பங்குக்கு டிஹெச்சிபியைக் கேட்கும். அதற்கும் அதே பதில் கிடைத்தால் தன்னையே மறுபடி இறக்கிக்கொண்டு முடிவில்லாமல் சுற்றும். கேட்பது ஐபிஎக்ஸ்இயாக இருந்தால் வேறு பதில் கொடுக்கும்படி சர்வரில் ஒரு நிபந்தனை எழுத வேண்டும். ஐபிஎக்ஸ்இ தன்னை அடையாளம் காட்டிக்கொண்டே கேட்பதால் இது கடினமல்ல. அல்லது ஐபிஎக்ஸ்இ செய்ய வேண்டியவற்றின் கட்டளைப் பட்டியலான ஸ்கிரிப்டைக் கோப்புக்குள்ளேயே பொதித்துத் தொகுத்துவிடலாம். பயாஸ் கணினிக்கும் யூஇஎஃப்ஐ கணினிக்கும் தனித்தனிக் கோப்பு கொடுக்க, டிஹெச்சிபியின் 93ஆம் விருப்பத்தில் கணினி அனுப்பும் வகை எண்ணைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். இவை அனைத்தும் ஆவணங்களில் இருக்கின்றன; ஆனால் ஏற்கெனவே அறிந்தவர்களுக்காக எழுதப்பட்டது போன்ற சுருக்கத்தோடு இருக்கின்றன. முதன்முறை நிறுவுகிறவருக்கு ஒரு நாள் மாலைப் பொழுதாவது செலவாகும்.

இரண்டாவது குறை, ஏற்கப்பட்ட கையொப்பம் இல்லாத நிரல்களைத் துவங்கவிடாத செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு ஏற்பாட்டோடு வருவது. அது இயங்கும் கணினியில், நாமே மூலநிரலிலிருந்து தொகுத்த ஐபிஎக்ஸ்இ கோப்பை ஃபர்ம்வேர் ஏற்காது. நம் சொந்தச் சாவியால் கையொப்பமிட்டு, அந்தச் சாவியை ஒவ்வொரு கணினியிலும் பதிவுசெய்யலாம். கணினிகளின் எண்ணிக்கை கூடக் கூட இது பெரும் வேலை. வேகத்துக்காகச் செக்யூர் பூட்டை அணைப்பது எல்லா இடங்களிலும் ஏற்கத்தக்க தீர்வு அல்ல. இந்த நிலையில் இருப்பவர்கள் யூஇஎஃப்ஐ 2.5 விவரக்குறிப்பில் 2015இல் சேர்க்கப்பட்ட ஹெச்டிடிபி பூட் வசதியைத் தங்கள் கணினி ஆதரிக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஃபர்ம்வேரே ஹெச்டிடிபி பேசினால் டிஎஃப்டிபி தேவையே இல்லை. ஐபிஎக்ஸ்இ தரும் ஸ்கிரிப்ட் வசதியும் கண்டறியும் வசதியும் அதில் கிடைக்காது. வேகம் மட்டும்தான் குறிக்கோள் என்றால் அது போதும்.

விண்டோஸ் நிறுவலுக்காக நெட்வொர்க் பூட் செய்வோருக்கு, ஐபிஎக்ஸ்இ குழுவினரே தரும் விம்பூட் என்ற துணைக் கருவி இருக்கிறது. விண்டோஸை நிறுவப் பயன்படும் சிறு இயக்குதளமான விண்டோஸ் பிஇயின் பெரிய படிமத்தை ஹெச்டிடிபி வழியாக எடுத்து நேரடியாக நினைவகத்தில் வைத்து இயக்குகிறது. நெட்வொர்க் வழியாக விண்டோஸை நிறுவ உதவும் மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் டிப்ளாய்மென்ட் சர்வீசஸோடுதான் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் உள்ளவர்கள், அதன் டிஎஃப்டிபி துண்டு அளவையும் ஒரே ஒப்புகைக்கு அனுப்பும் துண்டுகளின் எண்ணிக்கையையும் படிப்படியாகக் கூட்டிப் பார்க்கலாம். கணிசமான முன்னேற்றம் கிடைக்கும். ஆனால் எல்லா மாதிரிக் கணினிகளிலும் சோதித்த பிறகே நிரந்தரமாக்க வேண்டும்.

ஐபிஎக்ஸ்இ தொடங்குவதற்கு முன்பே தொலையும் நேரத்தை அதனால் எதுவும் செய்ய முடியாது என்பதையும் முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும். யூஇஎஃப்ஐ கணினிகளின் பூட் வரிசையில் ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் ஐபிவி4, ஐபிவி6 என்ற இரண்டு முகவரி முறைகளுக்கும் தனித்தனிப் பதிவுகள் இருக்கும். ஐபிவி6 முதலில் நின்று, அந்த நெட்வொர்க்கில் அதற்குப் பதில் சொல்ல யாரும் இல்லையென்றால், காத்திருந்து தோற்ற பிறகே ஐபிவி4 முயற்சி தொடங்கும். கேபிள் செருகப்படாத இரண்டாவது கார்டு வரிசையில் முன்னால் இருந்தாலும் இதே நிலைதான். பூட் வரிசையைத் திருத்துவதற்கு ஒரு நிமிடம் போதும். பலன் உடனே தெரியும். ஜிகாபிட் இணைப்புக்குக் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும் என்பதால், ஒரு ஜோடி அறுந்த கேபிள் பல சமயம் 100 மெகாபிட்டுக்கு இறங்கி அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும். ஐபிஎக்ஸ்இக்குப் பிறகும் வேகம் நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு மெகாபைட்டில் முட்டி நின்றால் சுவிட்சில் அந்தப் போர்ட்டின் வேகத்தைப் பார்ப்பதே முதல் வேலை.

பல கணினிகள் ஒரே நேரத்தில் எழும் இடங்களில் இன்னொரு எல்லை வருகிறது. 300 மெகாபைட் படிமத்தை 30 கணினிகள் ஒன்றாகக் கேட்டால் சர்வர் 9,000 மெகாபைட் அனுப்ப வேண்டும். ஜிகாபிட் இணைப்பு ஒன்றே உள்ள சர்வரால் அதை 80 நொடிக்குக் குறைவாக முடிக்க இயலாது. இந்த நிலையில் படிமத்தைச் சுருக்குவது, சர்வரின் இணைப்பை விரிவாக்குவது, கணினிகளைச் சற்று இடைவெளி விட்டு எழுப்புவது ஆகியவற்றில் ஒன்றைத்தான் செய்ய முடியும். ஹெச்டிடிபிக்குப் பதிலாக ஹெச்டிடிபிஎஸ் பயன்படுத்தினால் மறையாக்கக் கணக்கும் சேர்ந்து இறக்கம் இன்னும் மெதுவாகும். பாதுகாப்புக்காக அது தேவைப்படும் இடங்களில், முதலில் வரும் சிறிய ஸ்கிரிப்டை மட்டும் ஹெச்டிடிபிஎஸ்ஸில் எடுத்து, பெரிய படிமங்களைக் கையொப்பம் சரிபார்த்து ஹெச்டிடிபியில் எடுக்கும்படி அமைக்கலாம். ஐபிஎக்ஸ்இயில் அதற்கான கட்டளை உண்டு.

லினக்ஸ் பூட்டுக்கு இன்னும் பிஎக்ஸ்இலினக்ஸ் என்ற பூட் லோடரைப் பயன்படுத்துகிறவர்கள், அது தன் அமைப்புக் கோப்பைத் தேடும் விதத்தையும் ஒருமுறை கவனிக்க வேண்டும். கணினியின் அடையாள எண், கார்டின் முகவரி, பிறகு ஐபி முகவரியின் பதினாறடிமான வடிவம், அதிலிருந்து ஒவ்வோர் எழுத்தாகக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில்தான் பொதுவான கோப்பைக் கேட்கும். கோப்பு இல்லை என்று சர்வர் உடனே சொன்னால் இதில் நேரமே ஆகாது. சர்வரோ ஃபயர்வாலோ மௌனமாக இருந்துவிட்டால் ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியாகக் காத்திருக்க நேரும். ஐபிஎக்ஸ்இயில் எந்தக் கோப்பு வேண்டும் என்பதை ஸ்கிரிப்டில் நாமே சொல்லிவிடுவதால் இந்தத் தேடலே நடப்பதில்லை.

ஐபிஎக்ஸ்இயை நிறுவ நினைப்பவருக்கு என் ஆலோசனை இது: முதலில் ஒரே ஒரு கணினியில், மற்ற எதையும் மாற்றாமல் இதை ஓடவிட்டுப் பாருங்கள். முகவரி கிடைப்பதற்கு முன் நேரம் போகிறதா, கோப்பு இறங்கும்போது போகிறதா, கெர்னலிடம் ஒப்படைத்த பிறகு போகிறதா என்பது முதல் பூட்டிலேயே விளங்கிவிடும். முதல் வகை என்றால் சுவிட்சையும் பூட் வரிசையையும் பாருங்கள். இரண்டாம் வகை என்றால் ஐபிஎக்ஸ்இயே மருந்து. மூன்றாம் வகையாக இருந்தால் ஐபிஎக்ஸ்இ தன் வேலையை முடித்து விலகிவிட்டது என்று பொருள். இயக்குதளம் தன் டிரைவரை ஏற்றி, மறுபடி டிஹெச்சிபி கேட்டு, தன் கோப்பு முறைமையைச் சர்வரிலிருந்து இணைத்துக்கொள்ளும் கட்டத்தை அதன் பதிவேடுகளில்தான் தேட வேண்டும்.